பூசணித் தண்டின் குறுக்குவெட்டு

நவம்பர் 4

பூசணித் தண்டு இன்றைக்கும் கழுத்தை அறுத்துவிட்டது. ஏழெட்டுத் துண்டு போட்டிருப்பேன். ஒன்று ஆப்பு மாதிரி, ஒன்று பாதி நிலா மாதிரி, மீதி எதைப் போலவும் இல்லை. உள்ளே கூடாக இருக்கும் தண்டு அது. கொஞ்சம் அழுத்தினாலே நசுங்கிவிடும். பிளேடைத் தன் பக்கமாக, நடுவில் நிற்காமல், ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். கண்ணாடி போல மெல்லியதாக வரும் துண்டை மட்டும் தூரிகையால் எடுத்துச் சாயத்தில் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். வாயால் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன். கைதான் வரவில்லை.

கை நடுங்குகிறது. பயமா? நாற்பத்திரண்டு வயதில் ஒரு பூசணித் தண்டைப் பார்த்து என்ன பயம்?

போன வருடத் தேர்வு இந்தக் குறுக்குவெட்டு செக்ஷனில்தான் போனது. மற்ற தாள்கள் எல்லாம் தேறியாகிவிட்டது, இந்த ஒரு பிராக்டிகல்தான் பாக்கி. அதற்காக அடுத்த பேட்ச் பிள்ளைகளோடு மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். ஜனவரித் தேர்வோடு இந்தப் பாடத்திட்டமே முடிகிறதாம். அதிலும் போனால் முதல் வருடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பகலில் தையல் கடை, மாலையில் கல்லூரி என்று இத்தனை வருடம் ஓடியது அத்தனையும் வீண். என் கடையிலிருந்து ஓரம் மடிக்காத துணி ஒன்றுகூட வெளியே போனதில்லை. இதையும் விடப்போவதில்லை.

ஆய்வகத்தில் என் மேசைக்குக் கூட்டாளி வெங்காயம். இருபது வயதுப் பெண். முதல் நாள் வெங்காயத் தோலை உரித்துப் பார்க்கச் சொன்னபோது முழு வெங்காயத்தையும் பொடிப்பொடியாக நறுக்கி வைத்து ஆய்வகம் முழுவதையும் அழவிட்டவள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு பெயர் கிடையாது. இன்றைக்கு என் துண்டுகளைப் பார்த்துவிட்டு, "அக்கா, இத மைக்ராஸ்கோப்புல வைக்க முடியாது. அடுப்புலதான் வைக்கணும்" என்றாள்.

சிரித்திருக்கலாம். நான் முறைத்தேன்.

நவம்பர் 5

அவர் ஃபேனை இரண்டில் வைத்தார். நான் ஐந்தில் வைத்தேன். அவர் உள்ளே போய்க் காதை மூடும் குல்லாய் போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். மகள் போர்வைக்கு வெளியே மூக்கை மட்டும் விட்டுக்கொண்டு படித்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லிப் பார்க்கட்டுமே.

நவம்பர் 9

கடை ஜன்னலுக்கு வெளியே பழைய பெயிண்ட் வாளியில் போட்ட பூசணி நன்றாகக் கொடி விட்டிருக்கிறது. ஆய்வகத்தில் ஆளுக்கு இரண்டு துண்டுத் தண்டுக்கு மேல் தரமாட்டார்கள், அதனால் பழகுவதற்கென்றே வளர்க்கிறேன். கொடி உள்ளே வந்து, தைத்து மாட்டியிருக்கும் சட்டைகளின் கையைப் பிடித்துக்கொள்கிறது. ஒருவர் சட்டையை வாங்கும்போது ஒரு முழம் கொடியும் சேர்ந்து போகப் பார்த்தது.

மதிய வெயிலில் இலையெல்லாம் தொய்ந்து தொங்கிவிட்டது. செத்தே போச்சு என்று தண்ணீர் ஊற்றினேன், அப்படியும் எழவில்லை. பிறகுதான் பாடம் ஞாபகம் வந்தது. வேர் கொடுப்பதைவிட இலை இழப்பது அதிகமானால், இலைத்துளைகளை மூடிக்கொண்டு செடி அப்படியே கொஞ்ச நேரம் கிடக்கும். சாயங்காலம் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல விரிந்து நின்றது.

எனக்கு மட்டும் சாயங்காலம் ஆனாலும் சூடு அடங்குவதில்லை. இன்றைக்கு ஒரு வெள்ளைச் சட்டையின் காலரில் என் வியர்வை சொட்டியது. வயசு. வேறென்ன.

நவம்பர் 15

இன்று நாடி எண்ணும் சோதனை. முதலில் சும்மா உட்கார்ந்து எண்ண வேண்டும். பிறகு மாடிப்படி ஏறி இறங்கி வந்து, நாடி பழைய நிலைக்குத் திரும்பும்வரை நிமிடத்துக்கு நிமிடம் எண்ணி வளைவு வரைய வேண்டும். வெளியே என்ன நடந்தாலும் உடம்பு தன் உள்நிலையைத் தானே சரிசெய்துகொள்கிறது என்று காட்டுவதற்கான சோதனை இது.

வெங்காயம் என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள். உட்கார்ந்திருக்கும்போதே நூற்றுப் பதினாறு.

"தப்பா எண்ணிட்டேன்க்கா."

மறுபடி எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு.

"உனக்கு எண்ணவே வராதா?" என்று கையைப் பிடுங்கி நானே எண்ணினேன். எனக்கும் எண்ண வராது போலிருக்கிறது. படி ஏறி வந்த பிறகு கேட்கவே வேண்டாம், விரலுக்கு அடியில் தையல் மெஷின் ஓடியது. எவ்வளவு நேரம் உட்கார்ந்தும் இறங்கவில்லை. அதற்குள் மற்றவர்கள் எல்லாம் தங்கள் வளைவைக் கரும்பலகையில் வரைந்துவிட்டார்கள். மேடம், "அடுத்து யாரு?" என்றார்.

வெங்காயம் என் காதோடு, "புத்தகத்துல எழுபத்திரெண்டுன்னுதானக்கா போட்டிருக்கு?" என்றாள்.

"எழுபத்தெட்டுன்னு போடு. அப்படியே எழுபத்திரெண்டு போட்டா சந்தேகம் வரும்."

போட்டோம். ஏறுவது, இறங்குவது எல்லாவற்றையும் புத்தகத்து வளைவைப் பார்த்தே போட்டோம். கரும்பலகையில் இருந்ததிலேயே எங்கள் வளைவுதான் அழகு. மேடம் எல்லோரையும் திரும்பிப் பார்க்கச் சொன்னார். "பாருங்க, எவ்வளவு நீட்டா இறங்குது! கவனமா எண்ணினா இப்படித்தான் வரும்."

வெங்காயத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேசைக்கு அடியில் ஏதோ விழுந்ததாகக் குனிந்துகொண்டாள்.

நவம்பர் 17

மேடம் எங்கள் வளைவைச் சுற்றிக் கட்டம் போட்டு, மேலே "அழிக்க வேண்டாம்" என்று எழுதி வைத்திருக்கிறார். ஆய்வகத்துக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

நவம்பர் 22

என் உடுப்பு எல்லாவற்றையும் இடுப்பில் பிடித்துத் தைத்தேன். செப்டம்பரில் ஒருமுறை பிடித்தாயிற்று, இது இரண்டாவது முறை. நன்றாகத்தான் சாப்பிடுகிறேன், அவருடைய தட்டில் மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்து. அப்படியும் இளைக்கிறது. கடைக்கு வந்த பல் டாக்டரம்மா, "என்ன ரகசியம், எனக்கும் சொல்லுங்களேன்" என்றார். "படிப்புதான்" என்று பெருமையாகச் சொன்னேன்.

அந்தப் பெருமை மதியம்வரைகூட நிற்கவில்லை. ஒருவருடைய கால்சட்டை வெட்டும்போது கத்தரி சுண்ணக்கோட்டை விட்டு விலகி ஓடிவிட்டது. இருபது வருடத்தில் என் கத்தரி கோடு தாண்டியதில்லை. துணிக்காரர் வந்து துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். நான்தான் அவரைப் பிடித்துக் கத்தினேன், துணி மட்டம் என்று. துணி நல்ல துணி.

மாலையில் தண்டு வெட்டிப் பழகினேன். ஒன்றும் தேறவில்லை. நாளைக்கும் வெட்டுவேன்.

நவம்பர் 29

இன்று வகுப்பில் தைராய்டு. தேறிய பாடம்தான், ஆனாலும் பிராக்டிகலில் வாய்வழிக் கேள்வி வருமே என்று உட்கார்ந்தேன். கழுத்தில் இருக்கும் அந்தச் சின்னச் சுரப்பி அளவுக்கு மிஞ்சிச் சுரந்தால் என்ன ஆகும் என்று மேடம் சொல்லிக்கொண்டே போனார். பசி கூடும், ஆனால் எடை குறையும். வெப்பம் தாங்காது. வியர்க்கும். நெஞ்சு படபடக்கும். விரல் நடுங்கும். எரிச்சல் வரும். நான் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன். எரிச்சல் என்பதற்குக் கீழே கோடு வேறு போட்டேன்.

பக்கத்தில் பேனா ஓடவில்லை. வெங்காயம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பாக்கற?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்னா போர்டைப் பாரு."

"அக்கா... வேர்க்குது, கை நடுங்குது, எதுக்கெடுத்தாலும் கத்தறீங்க—"

"நான் கத்தல!"

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கத்தித்தான் இருக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த நூற்றுப் பதினாறுதான். ஐயோ, அது சரியாத்தான் இருந்திருக்குமோ? அவளுக்கு எண்ணத் தெரியாமலா போச்சு? ரெண்டு தடவை அவ எண்ணினா, மூணாவது நான் எண்ணினேன். மூணு பேரா தப்பா எண்ணுவோம்— மூணு தடவையா, என்னமோ. புத்தகத்த நம்பினேன், என் மணிக்கட்ட நம்பல. உடுப்ப ரெண்டு தடவ பிடிச்சுத் தச்சேனே, அப்பவாவது உறைச்சுதா? இத்தன வருஷம் என்னத்தப் படிச்சேன் நான்?

டிசம்பர் 1

மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் முன்னால் கை கட்டிக்கொண்டு நிற்பது சுலபமாக இல்லை. வெங்காயமும் கூட வந்தாள், வர வேண்டாம் என்று சொல்லியும்.

"போர்டுல இருக்கற வளைவு பொய் மேடம். நாங்களா போட்டது."

மேடம் போர்டுப் பக்கம் திரும்பினார். "அவ்வளவு நீட்டா இருக்கேன்னு எனக்கே தோணியிருக்கணும்" என்றார். "சரி, உண்மையான நம்பர் என்ன?"

சொன்னேன். நம்பவில்லை போல, தானே என் கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். எண்ணி முடித்தும் கையை விடவில்லை.

"தப்பு எண்ணிக்கையில இல்ல. உங்ககிட்டதான் இருக்கு. நாளைக்கே டாக்டரைப் பாருங்க. பாக்காம இங்க வந்தீங்கன்னா வெளியில நிக்க வெப்பேன்."

பிறகு டஸ்டரை எடுத்து என் கையில் கொடுத்தார். நானே அழித்தேன். அவ்வளவு அழகான வளைவு.

டிசம்பர் 3

ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்னைக் கையை நீட்டச் சொன்னார். விரல்கள்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது, ஜன்னல் எதுவும் திறந்திருக்கவில்லை. மூன்று பேரும் அந்தத் தாளையே பார்த்தோம்: நான், துணைக்கு வந்த அவர், டாக்டர். எனக்கு உடனே கையை மடக்கிக்கொள்ளத் தோன்றியது. மடக்கவில்லை.

ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 8

தைராய்டுதான். அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது.

பரிசோதனை முடிவை நானே படித்தேன், அந்த அளவுக்காவது படிப்பு உதவட்டும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிதான் தைராய்டுக்கு முதலாளி. ரத்தத்தில் சுரப்பு அதிகமானால், "போதும், நிறுத்து" என்று தன் கட்டளையைக் குறைத்துக்கொள்ளும். என் பிட்யூட்டரி தன் கட்டளையைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கே கொண்டுவந்துவிட்டது. தைராய்டு அதைக் காதிலேயே வாங்கவில்லை, தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் விளக்கியதைக் கேட்டுவிட்டு, "லிஃப்ட்ல கவர்னர்னு ஒண்ணு இருக்கு. வேகம் எகிறினா அதுதான் பிடிச்சு நிறுத்தும். உனக்கு அது வேலை செய்யல, அவ்வளவுதான" என்றார். அவ்வளவுதான். எனக்கு வகுப்பில் ஒரு மணி நேரம் ஆனது.

பிறகு ரொம்ப நேரம் கழித்து, "அப்ப இத்தன நாளா என்னைத் திட்டினது நீ இல்லையா?" என்று கேட்டார்.

"முக்காவாசி நான்தான்."

சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. எது நான், எது சுரப்பி? துணிக்காரரிடம் கத்தியது யார்? ஒன்றுமில்லாததற்கெல்லாம் மகளைத் திட்டி அழவிட்டது யார்? வெங்காயத்தை முறைத்தது?

இரண்டு விதமான மாத்திரை. ஒன்று சுரப்பியை அடக்க, அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இன்னொன்று படபடப்பையும் நடுக்கத்தையும் சீக்கிரம் கொஞ்சம் குறைக்க. "பரீட்சை கிரீட்சைன்னு அலட்டிக்காதீங்க. அடுத்த தடவை எழுதிக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

அடுத்த தடவை கிடையாது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

டிசம்பர் 9

பிராக்டிகலுக்கு வருகிறேன் என்று மேடத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். இனி பின்வாங்குவதற்கில்லை.

டிசம்பர் 20

படபடப்பு கொஞ்சம் பரவாயில்லை. கை பழைய மோசம் இல்லை, ஆனாலும் நடுங்குகிறது. அந்தக் கொஞ்சமே போதும் பூசணித் தண்டு நசுங்க. மேடம் சொன்ன மாதிரியேதான் செய்கிறேன்: நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கையில் தண்டு, வலது கையில் பிளேடு, இரண்டு கையும் எதிலும் படாமல் அந்தரத்தில். இன்றைக்கு வெட்டிய அத்தனையும் குப்பைக்குத்தான் போனது. பிளேடைத் தூக்கி எறிந்தேன், அது போய் நூல்கண்டு டப்பாவுக்குள் விழுந்துவிட்டது. தேடி எடுப்பதற்குள் கோபமும் போய்விட்டது.

வாளிக் கொடியை வெட்டி வெட்டித் தீர்த்துவிட்டேன், அடிக்கட்டைதான் மிச்சம். அவரிடம் சொன்னேனா இல்லையா, ஞாபகமில்லை. மாலையில் ஒரு கட்டுப் பூசணித் தண்டோடு வந்து நிற்கிறார். லிஃப்ட் பழுது பார்க்கப் போன கட்டடத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்கினாராம்.

"தோட்டக்காரர், மாட்டுக்கான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பொண்டாட்டிக்குன்னேன்."

டிசம்பர் 27

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். எழுதும்போதே படபடக்கிறது, இது மட்டும் சுரப்பி செய்வதல்ல.

காலையில் கடையில் பொத்தான் தைக்க ஊசி கோர்த்துக்கொண்டிருந்தேன். கோர்த்தும்விட்டேன். அப்புறம்தான் உறைத்தது: எப்படிக் கோர்த்தேன்? ஊசிக் காது எவ்வளவு சின்னது! பூசணித் தண்டை வெட்ட வராத கைக்கு நூல் மட்டும் எப்படிப் போகிறது? இத்தனை மாதமும் ஊசி கோர்த்துக்கொண்டுதானே இருந்திருக்கிறேன்? கத்தரி ஓடியது, பிளேடு ஓடியது. ஊசி ஒருநாளும் தப்பவில்லையே.

நூலை உருவிவிட்டு மறுபடி கோர்த்தேன், இந்தத் தடவை என் கையையே பார்த்துக்கொண்டு. ஊசி பிடித்த கையின் சுண்டு விரலும் நூல் பிடித்த கையின் சுண்டு விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளங்கையின் அடிப்பக்கமும் சேர்ந்தே இருக்கிறது. நடுக்கம் இருக்கிறது, போகவில்லை. ஆனால் இரண்டு கையும் சேர்ந்து ஒன்றாக நடுங்குகின்றன. ஊசி ஆடும்போது நூலும் அதோடு ஆடுகிறது. அப்புறம் ஏன் தப்பும்?

பொத்தானை அப்படியே விட்டுவிட்டுத் தண்டையும் பிளேடையும் எடுத்தேன். முழங்கைகளை விலாவில் இடுக்கிக்கொண்டு, மணிக்கட்டுகளைச் சேர்த்து, சுண்டு விரல்களைக் கோத்து, விரல் நுனியால் மட்டும் பிளேடை இழுத்தேன். பார்ப்பதற்குக் கும்பிடு போடுவதுபோல அசிங்கமாகத்தான் இருந்திருக்கும். முதல் துண்டு தடிமன். இரண்டாவதும் தடிமன். ஆனால் நசுங்கவில்லை. வட்டம் வட்டமாகவே வந்தது.

பொத்தானுக்காகக் காத்திருந்தவர், "எல்லாம் சரியாத்தான இருக்கு?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன்.

ஜனவரி 6

வந்துவிட்டது!

தண்ணீரில் போட்டால் இருப்பதே தெரியாத அளவு மெல்லிய துண்டு. வெங்காயம் தூரிகையால் எடுத்துச் சாயத்தில் போட்டாள், கழுவினாள், மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்சிலிப்பை ஒரு ஓரமாக வைத்து மெதுவாகச் சாய்த்தாள், ஒரு குமிழிகூட இல்லை. "நீங்களே முதல்ல பாருங்கக்கா" என்றாள்.

பார்த்தேன். ஐந்து மூலை உள்ள வட்டம். ஓரத்தில் புறத்தோல், அதில் முடி முடியாகத் தூவிகள். அதற்குள்ளே கெட்டிச் சுவர்ச் செல்கள் சிவப்புப் பட்டையாகச் சுற்றி நிற்கின்றன. அதற்கும் உள்ளே இரண்டு வரிசையில் கற்றைகள், ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஏற்றும் சைலக் குழாய்கள் வாயைத் திறந்துகொண்டு. வேறு பல தண்டுகளில் உணவு கடத்தும் ஃபுளோயம் வெளிப்பக்கம் மட்டும்தான் இருக்கும். பூசணி வகையில் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. படத்தில் எத்தனை முறை வரைந்திருக்கிறேன்! இன்றைக்குத்தான் பார்க்கிறேன். கொடி பந்தலுக்கு ஏறி அத்தனை பெரிய காயைச் சுமக்கிறதே, அதற்கு வேண்டியதெல்லாம் இதற்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

மேடம் நான் கை வைத்திருந்த விதத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "வெளியிலேர்ந்து வர எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் இதுக்கு ஒத்துக்க மாட்டாரு. முறைன்னு ஒண்ணு இருக்கு."

"எனக்கு வேற கை இல்ல மேடம்."

மேடம் அலமாரியைத் திறந்தார். கூடுதலாக ஒரு தண்டு எடுத்துக் கொடுத்தார்.

ஜனவரி 19

நாளைக்கு. பிளேடு புதுசு. தூரிகை இருக்கிறது. மாத்திரை மறக்கக் கூடாது. மகள் என் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளாகச் செய்தாள்.

ஜனவரி 20

முடிந்தது. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மஃப்ளர் சுற்றிய மனிதர். மேசை மேசையாகச் சத்தமில்லாமல் நடக்கிறார், அதுதான் கஷ்டம். ஆளுக்கு ஒரு விரல் நீளத் தண்டு. பூசணியேதான். பார்த்ததும் சிரித்துவிட்டேன், வாடா என்று.

முழங்கையை இடுக்கி, சுண்டு விரலைக் கோத்து வெட்டினேன். எத்தனையோ துண்டுக்குப் பிறகு ஒன்று வந்தது பாருங்கள்— யாரைப் பார்க்கச் சொல்கிறேன்!— அவ்வளவு மெல்லியது. தூரிகையால் தூக்கினேன். தூக்கும்போது இரண்டு கையும் தனித்தனி அல்லவா? கை ஆடி, துண்டு தூரிகையோடு சுருண்டு மடிந்துவிட்டது. பிரிக்கப் பார்த்தேன், கிழிந்தது.

தண்டைத் தூக்கிப் பார்த்தேன். கையில் பிடிக்கிற அளவுதான் மிச்சம். வெங்காயம் அடுத்த மேசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், பேச முடியாதே. சரி, இது போனால் இன்னொன்று. மூச்சை விட்டுவிட்டு மறுபடி கோத்தேன்.

"இப்படிப் பிடிக்கக் கூடாதும்மா." பின்னாலேயே நிற்கிறார்.

"பிடிக்கறதுக்கு மார்க்கா சார், துண்டுக்கு மார்க்கா?"

வாய் முந்திவிட்டது. இது சுரப்பி இல்லை, நான்தான். மேடம் தூரத்தில் கண்ணை மூடிக்கொண்டார். தேர்வாளர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

அடுத்து வந்த துண்டு ஒரு பக்கம் மெல்லியது, மறு பக்கம் கொஞ்சம் தடிமன். இதற்கு மேல் தண்டு இல்லை. இந்தத் தடவை தூரிகை பிடித்த கையை இடது கையால் தாங்கிக்கொண்டு தூக்கினேன். சாயம் ஏற்றி வைத்துவிட்டுக் கை தூக்கினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"சாய்வா வெட்டியிருக்கு."

"ஒரு ஓரம் சாய்வுதான் சார். ஸ்லைடை இடது பக்கம் கொஞ்சம் நகத்திப் பாருங்க."

நகர்த்தினார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. "ரெண்டு பக்கமும் ஃபுளோயம் தெரியுது" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

அடுத்தது எல்லோருக்கும் நாடிச் சோதனை. வெங்காயம்தான் எண்ணினாள். மாத்திரை போட்டும் உட்கார்ந்த நிலையில் தொண்ணூற்றாறு. படி ஏறி வந்து உட்கார்ந்தால், மற்றவர்களுக்கெல்லாம் இறங்கிவிட்டது, எனக்கு மெதுவாகத்தான் இறங்கியது, கடைசிவரை பழைய இடத்துக்கு வரவில்லை.

"அக்கா," என்றாள் உதட்டை அசைக்காமல், "எழுபத்தெட்டு போட்டுடலாமா? இவருக்கு என்ன தெரியப்போகுது?"

போட்டுவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன், இங்கே எழுதுவதில் பொய் சொல்வானேன். செக்ஷன் சாய்வு, இதிலும் போனால் எல்லாம் போச்சு. எழுபத்தெட்டு எவ்வளவு சுலபம்!

"எண்ணினத போடு."

தேர்வாளர் வளைவைப் பார்த்ததும் சிவப்புப் பேனாவைத் திறந்தார். "இது தப்பான ரீடிங். திரும்ப எடுங்க."

"ரீடிங் சரிதான் சார். எனக்குத் தைராய்டு அதிகம், அதனாலதான் இப்படி. மாத்திரை ஆரம்பிச்சு ஆறு வாரம் ஆகுது." பிட்யூட்டரி நிறுத்தச் சொல்வதையும் சுரப்பி கேட்காததையும் சொன்னேன். எப்போதும் உளறுகிற நான் இதை மட்டும் உளறவில்லை. என் சொந்தக் கதை அல்லவா? "உள்நிலை தானா திரும்பி வரும்னு காட்டறதுதான் சார் இந்தச் சோதனை. எனக்கு இன்னும் முழுசா வரல. அதைத்தான் இது காட்டுது."

அவர் பேனாவை மூடினார். என் கையைப் பார்த்தார். மேசையில் வைத்திருந்தும் விரல் நுனி ஆடிக்கொண்டிருந்தது. "இந்தக் கையோடதான் வெட்டினீங்களா?"

"ஆமா சார்."

தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். தேறினேனா இல்லையா என்று அந்தத் தலையாட்டலில் ஒன்றும் தெரியவில்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். போதும்.

பிப்ரவரி 10

மறுபடி ரத்தப் பரிசோதனை. இறங்கியிருக்கிறது. இன்னும் முழுதாக இல்லை, மாத்திரையைத் தொடர வேண்டும் என்றார் டாக்டரம்மா. கையை நீட்டச் சொல்லித் தாளை வைத்தார். லேசாகத்தான் அசைந்தது. அவருக்கு ஜலதோஷம் போய்விட்டது.

இடுப்பில் பிடித்த தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

பிப்ரவரி 26

காலையில் வெங்காயம் கூப்பிட்டாள். "அக்கா" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் கத்திக்கொண்டே இருந்தாள். அவள் தேறிவிட்டாளா, நான் தேறிவிட்டேனா, வீடு தீப்பிடித்துவிட்டதா என்று தெரியவில்லை. கடைசியில் மகள் போனைப் பிடுங்கிக் கேட்டுச் சொன்னாள். இரண்டு பேரும் தேறிவிட்டோம். எனக்கு இரண்டாம் வகுப்பு.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அழுவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நான் கடைக்குப் போய், ஓரம் மடிக்காமல் இருந்த ஒரு கால்சட்டையை மடித்துத் தைத்து முடித்தேன். அப்புறம்தான் அழுதேன், மெஷின்மேல் தலையை வைத்து, நன்றாக.

மாலையில் அவர் ஏதோ பழுதுபார்த்துவிட்டுக் கையெல்லாம் கிரீஸோடு வந்தார். "பட்டதாரியம்மா, டீ கிடைக்குமா?" என்றார். "போட்டுக்குங்க" என்றேன். அவரே போட்டு எனக்கும் கொண்டுவந்து வைத்தார். குல்லாயை மாட்டிக்கொண்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். மகள் போர்வையை இழுத்துக்கொண்டாள். ஃபேன் ஐந்தில் ஓடியது. இருவருக்கும் அது பழகிப்போய்விட்டது, இப்போதெல்லாம் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரை ஏன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருக்கிறேன் என்று சற்று நேரம் எனக்கே புரியவில்லை. நடுக்கத்துக்காக இல்லை. எழுந்து போய் ரெகுலேட்டரை இரண்டுக்குத் திருப்பினேன்.

அவர் டீயைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன ஆச்சு?"

"குளுருது."